எழுந்து போய்விடாதீர்கள், இன்னும் ஆள் இறங்கவேண்டியிருக்கிறது

குளிர்கால ஒலிம்பிக் பார்க்கிறவர்கள் அநேகமாக ஒரே இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். பேர் கேட்ட ஆட்கள் எல்லாம் இறங்கி முடிந்ததும், "சரி, இனி என்ன இருக்கு" என்று தேத்தண்ணி ஊற்ற எழுந்துவிடுவார்கள். 2018 பெப்ரவரி 17ஆம் திகதி, தென்கொரியாவின் பியோங்சாங்கில் பெண்களுக்கான சூப்பர் ஜி என்ற, மலையிலிருந்து வேகமாக இறங்கும் பனிச்சறுக்கில் அப்படி எழுந்தவர்கள் கொஞ்சநஞ்சப் பேரல்ல. ஒஸ்திரியாவின் அன்னா ஃபைத் 1 நிமிடம் 21.12 செக்கனில் முன்னணியில் இருந்தார். அமெரிக்காவில் நேரடியாகக் காட்டிய தொலைக்காட்சியே தங்கம் அவருக்குத்தான் என்று சொல்லிவிட்டு ஃபிகர் ஸ்கேட்டிங் பக்கம் திரும்பிவிட்டது. அதன் பிறகுதான் 26ஆம் இலக்கத்தோடு செக் நாட்டின் எஸ்தர் லெடெட்ஸ்கா இறங்கினார். 1 நிமிடம் 21.11. கடிகாரத்தில் ஏதோ பிழை, இப்போது திருத்திவிடுவார்கள் என்று எண்ணிக்கொண்டு அவர் எல்லைக்கோட்டுக்கு அப்பால் அசையாமல் நின்றார். அந்தச் சில செக்கன்கள்தான் எங்கள் கணக்கில் அந்த ஒலிம்பிக்கின் உச்சம்.

26 என்பது ஏன் அவ்வளவு பின்னால்? சூப்பர் ஜி, டவுன்ஹில் போன்ற வேகப்போட்டிகளில் தரவரிசையின் முன்னணியினர் முதல் இருபது இலக்கங்களுக்குள் அடங்கிவிடுவார்கள். ஒவ்வொருவரும் இறங்கும்போது ஸ்கீயின் விளிம்பு பனியைக் கீறுகிறது. வளைவுகளில் பள்ளம் விழுகிறது. பின்னால் வருகிறவருக்குத் தடம் மோசமாகிக்கொண்டே போகும். இதைத் தள்ளிப்போடத்தான் பந்தயத் தடத்துப் பனிக்குத் தண்ணீர் பாய்ச்சி இறுக்குகிறார்கள். வெயில் ஏறினால் உப்பும் தூவுவார்கள். உப்பு மேற்பரப்பைக் கொஞ்சம் உருக்கும், அந்த உருக்கம் சுற்றியுள்ள பனியின் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், பிறகு எல்லாம் சேர்ந்து முன்னைவிடக் கெட்டியாக உறையும்.

சூப்பர் ஜியில் இன்னொரு விசயமும் உண்டு. டவுன்ஹில் ஓடுகிறவர்கள் போட்டிக்கு முந்திய நாட்களில் அதே தடத்தில் முழு வேகத்தில் பயிற்சி ஓட்டம் ஓடிப் பழகிவிடுவார்கள். சூப்பர் ஜியில் அது கிடையாது. காலையில் தடத்தின் ஓரமாக மெல்லச் சறுக்கி இறங்கி, கம்பம் நட்டுக் குறித்த எந்த வாயில் எங்கே திரும்புகிறது என்று மனப்பாடம் செய்துகொள்ளலாம், அவ்வளவுதான். தெரியாத ஆள் தெரிந்த ஆளை அடிப்பதற்கு இங்கே இடம் அதிகம். லெடெட்ஸ்காவோ அடிப்படையில், இரு காலையும் ஒரே பலகையில் பூட்டிச் சறுக்கும் ஸ்னோபோர்ட் வீராங்கனை. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் போகும் ஒருவருக்கு 0.01 செக்கன் என்பது ஏறக்குறைய 28 சென்றிமீற்றர். முழு மலையையும் இறங்கிவந்தபின் மிஞ்சிய வித்தியாசம் அதுதான். பத்திரிகையாளர் சந்திப்பிலும் அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. வெல்வேன் என்று நினைக்காததால் முகத்துக்கு ஒன்றும் பூசிக்கொண்டு வரவில்லையாம். ஒரு வாரம் கழித்து, 24ஆம் திகதி, இருவர் பக்கம் பக்கமாக இறங்கும் ஸ்னோபோர்ட் பரலல் ஜயன்ட் ஸ்லாலமிலும் தங்கம். ஒரே ஒலிம்பிக்கில் ஸ்கீயிலும் ஸ்னோபோர்டிலும் தங்கம் எடுத்தவர் அதற்கு முன் யாரும் இல்லை.

ஆகவே இப்படி மலையிறங்கும் அல்பைன் போட்டிகளில் திரையின் ஓரத்தில் வரும் இலக்கத்தைப் பாருங்கள். 30 தாண்டும்வரை அசையவேண்டாம். வாயில்களைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம், ஜயன்ட் ஸ்லாலம் இரண்டும் வேறு மாதிரி. அவற்றில் இரண்டு ஓட்டம். முதல் ஓட்டத்தில் முதல் முப்பது இடம் பெற்றவர்கள் இரண்டாவது ஓட்டத்தில் தலைகீழாக இறங்குவார்கள். முப்பதாவது ஆள் முதலில், முன்னணியில் இருப்பவர் அந்த முப்பதில் கடைசியில். நேரமில்லாதவர்கள் முதல் ஓட்டத்தை விட்டுவிட்டு இரண்டாவதில் அந்த முப்பது பேரின் கடைசிப் பத்துப் பேரை மட்டும் பார்த்தாலே போதும். பச்சை எழுத்தில் நேரம் வந்தால் முன்னணியாளரைவிட வேகம், சிவப்பில் வந்தால் தாமதம். நடுவழியில் பச்சையாக இருந்தது கடைசிப் பிரிவில் சிவப்பாக மாறினால் காரணம் பெரும்பாலும் மேலேயே இருக்கும். ஒரு வளைவைத் தாமதமாக எடுத்தவர் அதன் பிறகு வரும் சமதளம் முழுவதும் அந்த வேகக் குறைவைச் சுமந்துகொண்டுதான் போவார்.

செக்கனில் நூறில் ஒன்றுவரை மட்டும் அளப்பதால் அல்பைனில் சமநிலை வருவதுண்டு. 2014இல் ரஷ்யாவின் சோச்சியில் பெண்கள் டவுன்ஹில்லில் ஸ்லோவேனியாவின் டீனா மாஸேயும் சுவிட்சர்லாந்தின் டொமினிக் ஜிசினும் 1 நிமிடம் 41.57 செக்கனில் முடித்து, இரண்டு தங்கம் கொடுக்கப்பட்டது. இருவரும் கைகோர்த்தபடி மேடையேறியது இன்றும் மனதை விட்டுப் போகாத காட்சி. 2018இல் ஐஸ் தடத்தில் சறுக்குவண்டியில் இறங்கும் இருவர் பொப்ஸ்லெட்டிலும் கனடாவும் ஜேர்மனியும் நான்கு ஓட்டத்தையும் கூட்டியபின் ஒரே நேரம். மல்லாந்து படுத்துப் போகும் சறுக்குவண்டிப் போட்டியான லூஜில் ஆயிரத்தில் ஒன்றுவரை அளக்கிறார்கள். நீள ஓட்ட ஸ்கேட்டிங்கில் நூறில் ஒன்று சமமானால் ஆயிரத்துக்குப் போவார்கள். சோச்சியில் ஆண்கள் 1500 மீற்றரில் போலந்தின் ப்ரோட்கா நெதர்லாந்தின் வெர்வெய்யை 0.003 செக்கனில் வென்றது அப்படித்தான். அந்த ஆயிரத்தில் மூன்றை எந்தக் கண்ணாலும் பார்க்கமுடியாது. தங்கத்தைப் பங்குபோட்டுக் கொடுத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகியிருக்காது என்பது எங்கள் கட்சி.

கடைசி ஆளைக் கவனிக்கச் சொன்னால் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது ஸ்டீவன் பிராட்பரிதான். 2002 பெப்ரவரி 16, அமெரிக்காவின் சோல்ட் லேக் சிற்றி, ஷார்ட் ட்ராக் என்ற குறுந்தட ஐஸ் ஸ்கேட்டிங்கில் ஆண்கள் 1000 மீற்றர் இறுதிப்போட்டி. அந்தத் தடத்தின் ஒரு சுற்று 111.12 மீற்றர். 1000 மீற்றருக்கு ஒன்பது சுற்று. ஐந்து பேர். கடைசி வளைவில் சீனாவின் லீ ஜியாஜுன் தடுமாற, அமெரிக்காவின் அப்போலோ ஓனோ, கொரியாவின் அன் ஹ்யுன்-சு, கனடாவின் மாத்யூ டர்கோட் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சுவர்ப்பக்கம் சறுக்கிப் போனார்கள். நல்ல இடைவெளி விட்டுப் பின்னால் வந்துகொண்டிருந்த அவுஸ்திரேலியர் பிராட்பரி நிமிர்ந்த நிலையில் கோட்டைத் தாண்டினார். தென்னரைக்கோள நாடு ஒன்றுக்கு குளிர்கால ஒலிம்பிக்கில் கிடைத்த முதல் தங்கம்.

அதிர்ஷ்டம் என்று சொல்லிச் சிரிக்கிறவர்கள் முழுக் கதையையும் பார்ப்பதில்லை. கால் இறுதியில் மூன்றாவதாக வந்தவரை, முன்னால் வந்த ஒருவர் தகுதிநீக்கம் செய்யப்பட்டதால் மேலே அனுப்பினார்கள். அரையிறுதியிலும் முன்னால் போனவர்கள் விழுந்தார்கள். அதைப் பார்த்தபின் இறுதிப்போட்டியில் அவர் வேண்டுமென்றே விலகி நின்றார். மற்ற நால்வரின் வேகத்துக்குத் தன் கால் ஈடுகொடுக்காது என்றும், நால்வருமே தங்கத்துக்காக முட்டிமோதுவார்கள் என்றும் தெரிந்த ஆளின் கணக்கு அது. 1994இல் ஒரு போட்டியில் இன்னொருவரின் ஸ்கேட் அலகு அவருடைய தொடையை வெட்டி, 111 தையல் போட்டார்கள். 2000இல் கழுத்து எலும்பு முறிந்தது. இவ்வளவுக்குப் பிறகும் அந்தத் தடத்துக்குத் திரும்பி வந்த மனிதர்.

ஷார்ட் ட்ராக் ஏன் இப்படி விழுகிற விளையாட்டாக இருக்கிறது என்று தெரிந்தால் பார்க்க இன்னும் சுவை. அலகின் தடிப்பு ஒரு மில்லிமீற்றர் அளவுதான். அதை வளைவின் போக்குக்கு ஏற்ப இலேசாக வளைத்து, பூட்ஸின் நடுவில் பொருத்தாமல் இடப்பக்கம் தள்ளிப் பொருத்தியிருப்பார்கள். எப்போதும் இடப்பக்கமே திரும்புவதால், உடலை ஐஸோடு ஒட்டுமளவுக்குச் சாய்க்கும்போது பூட்ஸ் தரையில் உரசக்கூடாது. உரசினால் அலகு ஐஸை விட்டுக் கிளம்பிவிடும், ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். இடக்கையுறையின் விரல் நுனிகளில் வழுவழுப்பான கடினமான குப்பி பொருத்தியிருப்பதும் வளைவில் ஐஸைத் தொட்டுக்கொண்டு போகத்தான். பார்க்கும்போது முன்னால் இருப்பவரைவிட இரண்டாவது, மூன்றாவது ஆளின் தோளைப் பாருங்கள். நேர்த்தடத்தில் உள்ளே வர எத்தனிக்கிறவர் வளைவு தொடங்குமுன் முன்னேறியிருக்கவேண்டும். வளைவுக்குள் நுழைந்தபின் நுழைக்கப் பார்த்தால் மோதல், பெரும்பாலும் தண்டனை. கோட்டைத் தாண்டியதும் முடிவு என்று எண்ணவேண்டாம். நடுவர் வீடியோ பார்த்து முடிக்கும்வரை பதக்கம் யாருக்கும் சொந்தமில்லை.

நீள ஓட்ட ஸ்கேட்டிங்குக்கு 400 மீற்றர் தடம், இரண்டு பேர் மட்டும், மோதல் இல்லை. அலுப்பு என்று ஒதுக்குகிறவர்கள் 2018 பெப்ரவரி 18ஆம் திகதியைத் தவறவிட்டிருப்பார்கள். பெண்கள் 500 மீற்றரில் ஜப்பானின் நாவோ கொடைரா 36.94 செக்கனில் ஒலிம்பிக் சாதனை படைத்தார். அடுத்த சோடியில் இறங்கவேண்டியவர் முந்திய இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற கொரியாவின் லீ சாங்-ஹ்வா. ஜப்பானிய ரசிகர்கள் கத்திக்கொண்டிருக்க, கொடைரா உதட்டில் விரல் வைத்து அவர்களை அடக்கினார். அடுத்தவள் தொடக்க ஒலியைக் கேட்கவேண்டுமே. லீ 37.33இல் இரண்டாவதாக வந்து அழுதபடி சுற்றி வந்தபோது, கொடைரா போய் அணைத்துக்கொண்டார். இரு நாட்டுக்கும் இடையிலிருக்கும் பழைய வடுக்களை நினைத்துப் பார்த்தால் அந்த அணைப்பின் கனம் விளங்கும்.

இனி கர்லிங். நம் பக்கம் இதைக் காட்டினால் முதலில் வரும் கேள்வி: "தும்புத்தடி வைத்துக் கூட்டுறதெல்லாம் ஒரு விளையாட்டா?" ஒரு கல்லின் நிறை 20 கிலோவை ஒட்டியது, பல தோட்டங்களில் ஒரு நாள் பேருக்கு எவ்வளவு கொழுந்து கேட்கிறார்களோ ஏறக்குறைய அவ்வளவு. அதை ஏறத்தாழ 45 மீற்றர் நீளமான ஐஸ் பாதையின் மறு அந்தத்தில், மூன்றரை மீற்றருக்குச் சற்றுக் கூடிய குறுக்களவுள்ள வட்டத்துக்குள் நிறுத்தவேண்டும். ஒரு சுற்றில் ஒவ்வோர் அணிக்கும் எட்டுக் கல், மொத்தம் பத்துச் சுற்று, இரண்டரை மணித்தியாலத்துக்குக் குறையாது.

அந்த ஐஸ் வழுவழுப்பானதல்ல. போட்டிக்கு முன் நுண்ணிய நீர்த்துளிகளைத் தெளித்து, அவை அப்படியே உறைந்து சிறு சிறு மொட்டுகளாக நிற்கும்படி செய்கிறார்கள். கல்லின் அடி குழிவானது, ஒரு மெல்லிய வளையம் மட்டுமே அந்த மொட்டுகளைத் தொடும். கைவிடும்போது கொடுக்கும் சிறு சுழற்சியால் பாதை வளைகிறது. முன்னால் தேய்க்கும்போது மேற்பரப்பு ஒரு துளி சூடாகி உராய்வு குறைகிறது. கல் கூடுதல் தூரமும் போகும், வளைவதும் குறையும். ஆகவே தேய்ப்பது கல்லை வேகப்படுத்த அல்ல, வேகம் குறைவதைத் தாமதப்படுத்த. ஜனவரியில் நுவரெலியா, அம்பேவெல பக்கத்துப் புல்வெளிகளில் விடியற்காலை உறைபனியைப் பார்த்தவர்களுக்கு இந்த ஐஸ் எவ்வளவு நுட்பமான வேலை என்று சொல்லத் தேவையில்லை. நம் உறைபனி தெளிந்த வானமுள்ள இரவில் தரை வெப்பத்தை இழந்து படிவது. வெயில் பட்டதும் போய்விடும், போகிற போக்கில் கொழுந்தையும் உருளைக்கிழங்குச் செடியையும் கருக்கிவிடும். அரங்கத்து ஐஸ் குழாய்களால் குளிரூட்டிய தளத்தின்மேல் மெல்லிய படை படையாகத் தண்ணீர் விட்டுக் கட்டியெழுப்பியது. ரசிகர் கூட்டம் நிறைந்தால் அவர்கள் மூச்சின் ஈரமே ஐஸின் குணத்தை மாற்றிவிடும் என்பதால் ஈரப்பதத்தையும் கண்காணிப்பார்கள்.

2018இல் இந்த விளையாட்டைக் கொண்டாட்டமாக்கியவர்கள் கொரியப் பெண்கள் அணி. அவர்களில் பெரும்பாலானோர் உள்ளிப் பூண்டுக்குப் பேர்போன உய்சொங் என்ற சிறிய விவசாய ஊரிலிருந்து வந்தவர்கள். ஊரில் ஒரு கர்லிங் அரங்கம் கட்டினார்கள், பள்ளிப் பிள்ளைகள் பொழுதுபோகாமல் பழகினார்கள், அந்தப் பிள்ளைகளே ஒலிம்பிக் போனார்கள். லீக்ஸும் கரட்டும் விளையும் நம் ஊர்களில் இருந்து பார்ப்பவர்களுக்கு இந்த விசயம் தனியாகப் பிடிக்கும். ஐந்து பேருக்கும் குடும்பப் பெயர் கிம். வெளிநாட்டவர் குழம்பாமலிருக்க காலைச் சாப்பாட்டுப் பெயர்களைப் பட்டப்பெயராக வைத்துக்கொண்டார்கள். தலைவி கிம் யுன்-ஜங் வட்டக் கண்ணாடி போட்டு, முகத்தில் ஒரு சலனமும் காட்டாமல், "யொங்-மீ!" என்று கத்துவார். தேய்க்கும் தோழியின் பெயர் அது. கூப்பிடும் தொனியை வைத்தே வேகமாகத் தேய், நிறுத்து, காத்திரு என்று விளங்கிக்கொள்வார்களாம்.

அரையிறுதி ஜப்பானோடு. லீக் சுற்றில் அவர்களைத் தோற்கடித்திருந்த ஒரே அணி அதுதான். பத்துச் சுற்று முடிய 7–7. மேலதிகச் சுற்றில் கடைசிக் கல் கொரியாவிடம். ஒரு சுற்றில் நடுப்புள்ளிக்கு மிக அருகில் கல் வைத்திருக்கும் அணி மட்டுமே புள்ளி எடுக்கும், எதிரணிக்கு அந்தச் சுற்றில் பூச்சியம். ஆகவே கடைசிக் கல் கையில் இருப்பதுதான் பெரிய சொத்து. அது முந்திய சுற்றில் புள்ளி எடுக்காத அணிக்குப் போகும். இருவருமே எடுக்காவிட்டால் வைத்திருந்தவரிடமே இருக்கும். அதனால்தான் ஒரே ஒரு புள்ளி மட்டும் கிடைக்கும் நிலை வந்தால் நல்ல தலைவர்கள் வேண்டுமென்றே கல்லை வட்டத்துக்கு வெளியே விட்டுச் சுற்றை வெறுமையாக்குவார்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் அதைத் தவறு என்று நினைத்துக்கொள்வார்கள். கிம் யுன்-ஜங்கின் கடைசிக் கல் மெல்ல ஊர்ந்து நடுவை எட்டி நின்றது. 8–7. இறுதியில் சுவீடனிடம் 8–3இல் தோற்று வெள்ளி. நேரமில்லாதவர்களுக்கு வழி: கர்லிங்கில் எட்டாவது சுற்றிலிருந்து பாருங்கள், அதிலும் ஒவ்வோர் அணியின் கடைசி இரண்டு கல். இந்த அரையிறுதியை மட்டும் முழுதாகப் பார்க்கலாம்.

பயத்லான் பார்க்க எளிது, விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் எண் தேவை. ஸ்கீயில் ஓடி வந்து, 50 மீற்றர் தூரத்தில் ஐந்து இலக்குகளைச் சுடவேண்டும். படுத்துச் சுடும்போது இலக்கின் குறுக்களவு 45 மில்லிமீற்றர், நின்று சுடும்போது 115. தவறிய ஒவ்வொன்றுக்கும் 150 மீற்றர் தண்டனைச் சுற்று, அதற்கு இருபது செக்கனுக்கு மேல் போகும். நீண்ட தனிநபர் போட்டியில் மட்டும் தண்டனைச் சுற்றுக்குப் பதிலாக ஒரு நிமிடத்தைக் கூட்டிவிடுவார்கள். கூட்டமாகத் தொடங்கும் போட்டியில் நான்கு முறை சுடுவார்கள்: முதல் இரண்டு படுத்து, பின் இரண்டு நின்று. முடிவு பெரும்பாலும் நான்காவது முறையில்தான். மூச்சிரைத்தபடி வந்து நிற்கிறவரின் துப்பாக்கி முனை மேலும் கீழும் ஆடுவதைத் திரையிலேயே பார்க்கலாம். முதல் குண்டுக்கு முன் எத்தனை மூச்சு விடுகிறார் என்று பாருங்கள். அவசரப்பட்டு முதல் குண்டைத் தவறவிட்டவர் அடுத்ததையும் விடுவது வழக்கம்.

சோச்சி 2014இல் இந்தக் கூட்டமாகத் தொடங்கும் போட்டியில் நோர்வேயின் ஸ்வென்ட்சன், பிரான்சின் மார்ட்டின் ஃபூர்காட் இருவரும் ஒன்றாகக் கோட்டைத் தொட்டார்கள். ஸ்வென்ட்சன் முன்கூட்டியே கையைத் தூக்கிவிட்டார், தங்கம் கிட்டத்தட்டக் கைநழுவியது, ஆனாலும் படத்தில் அவர் காலே முந்தியது. நான்கு வருடம் கழித்து பியோங்சாங்கில் அதே போட்டி, அதே ஃபூர்காட், பக்கத்தில் ஜேர்மனியின் சிமோன் ஷெம்ப். இந்தமுறை சில சென்றிமீற்றரால் ஃபூர்காட்டுக்குத் தங்கம். ஸ்கீ ஓட்டங்களில் முடிவைத் தீர்மானிப்பது தலையோ நெஞ்சோ அல்ல, முன்னால் நீளும் காலின் நுனி. கடைசி அடியில் எல்லோரும் ஒரு காலை அப்படி எட்டி வைப்பது இதனால்தான்.

நெடுந்தூர ஸ்கீ ஓட்டத்தை முழுதாகப் பார்க்கப் பொறுமை வேண்டும். ஆனால் மனிதத்தனமான காட்சிகள் அதிகம் கிடைப்பதும் அங்கேதான். 2018 பெப்ரவரி 11, பாதித் தூரம் ஒரு பாணியிலும் மீதி வேறு பாணியிலும் ஓடும் ஆண்கள் 30 கிலோமீற்றர் ஸ்கீயத்லான். தொடங்கி முதல் சில நூறு மீற்றருக்குள் நோர்வேயின் சிமென் ஹெக்ஸ்டாட் க்ருகர் விழுந்தார். பின்னால் வந்த இருவரும் அவர்மேல் விழுந்தார்கள். கையிலிருந்த ஊன்றுகோல் முறிந்தது. எழும்பும்போது அவர்தான் கடைசி. ஆனால் 30 கிலோமீற்றர் என்பது நீண்ட தூரம். அவர் முதலில் கூட்டத்தின் வாலைப் பிடித்தார், அங்கே மற்றவர்களின் முதுகுக்குப் பின் காற்றுத்தடை குறைந்த இடத்தில் இளைப்பாறினார், கடைசிச் சில கிலோமீற்றரில் தனியாகப் பிரிந்து போய்த் தங்கம் எடுத்தார். ஆரம்பத்திலேயே ஆத்திரப்பட்டுத் துரத்தியிருந்தால் பாதி வழியில் படுத்திருப்பார்.

1998இல் ஜப்பானின் நகானோவில் 10 கிலோமீற்றர் ஓட்டத்தை வென்ற நோர்வேயின் பியோர்ன் டேலி பரிசளிப்புக்குப் போகாமல் எல்லைக்கோட்டிலேயே நின்றார். கென்யாவின் பிலிப் பொய்ட் கடைசியாக வந்துகொண்டிருந்தார். இருபது நிமிடமளவு காத்திருந்து கட்டியணைத்தார். பொய்ட் பிறகு தன் பிள்ளைக்கு டேலி என்று பெயர் வைத்தார். சோச்சியில் ரஷ்யாவின் கஃபாரோவின் ஸ்கீ உடைந்து, அவர் நொண்டிக்கொண்டு வர, தடத்துக்குள் ஓடிவந்து மாற்று ஸ்கீ பூட்டிவிட்டவர் கனடா அணியின் பயிற்றுநர் ஜஸ்டின் வாட்ஸ்வர்த். ஒளிபரப்பாளர்கள் முதல் மூன்று பேர் வந்ததும் வேறு அரங்கத்துக்குத் தாவிவிடுவார்கள். நேரலையில் அரங்கத்தைத் தேர்ந்தெடுக்க வசதியிருந்தால் தாவாமல் அங்கேயே இருங்கள்.

ஸ்கீ ஜம்பிங் பற்றிச் சுருக்கமாக. தூரம் மட்டும் பார்த்தால் முடிவு விளங்காது. குறித்த தூரத்தை எட்டினால் 60 புள்ளி. பெரிய மேட்டில் ஒவ்வொரு மேலதிக மீற்றருக்கும் 1.8, சிறியதில் 2. ஐந்து நடுவர்கள் ஆளுக்கு 20வரை தருவார்கள், அதிகூடியதும் அதிகுறைந்ததும் கழிபடும். எதிர்க்காற்று இங்கே நல்லது. அது தூக்கிக்கொடுக்கும், அதனால் புள்ளி கழிப்பார்கள். பின்காற்றுக்குக் கூட்டிக் கொடுப்பார்கள். 2022 பெய்ஜிங்கில் கலப்பு அணிப் போட்டியில் உடை தளர்வாக இருந்ததென்று நான்கு நாடுகளின் ஐந்து வீராங்கனைகளைத் தகுதிநீக்கம் செய்தார்கள். தளர்ந்த துணி காற்றைப் பிடிக்கும் என்பது நியாயந்தான். ஆனால் ஒரே மாலையில் ஐந்து பேர் என்றால், அளந்த முறையிலும் ஏதோ கோளாறு என்றுதான் எங்களுக்குப் படுகிறது.

லூஜ் பார்க்கும்போது நம் மலைப்பாதைகளில் வளர்ந்தவர்களுக்குக் கை தானாகப் பிரேக்கைத் தேடும். மல்லாந்து, கால் முன்னால், மணிக்கு 130 கிலோமீற்றருக்குக் கிட்டிய வேகம். தலை முன்னால், குப்புறப் படுத்துப் போவது ஸ்கெலிட்டன். லூஜில் சுக்கான் கிடையாது. கெண்டைக்கால்களால் ஓடுதண்டை அழுத்தியும் தோளைச் சாய்த்தும்தான் திருப்புவார்கள். நம் பிராந்தியத்தின் ஆள் இந்தியாவின் சிவ கேசவன். 16 வயதில் நகானோ 1998 தொடங்கி 2018வரை ஆறு ஒலிம்பிக். ஊரில் ஐஸ் தடம் இல்லாததால் வண்டியில் சில்லுப் பூட்டி, இமயமலைத் தார் ரோட்டில் லொறிகளுக்கும் ஆட்டுமந்தைகளுக்கும் நடுவே பழகினார். சோச்சியில் ஒரு பயிற்சி ஓட்டத்தில் வண்டியிலிருந்து வீசப்பட்டு, சறுக்கிக்கொண்டே அதை எட்டிப் பிடித்து மீண்டும் ஏறிப் படுத்துக்கொண்டு போனாரே, அதைப் பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள். 2022வரை இலங்கை எந்தக் குளிர்கால ஒலிம்பிக்கிலும் இறங்கியதில்லை. அதனால் கேசவனை நாங்கள் பாதி நம் ஆளாகவே வைத்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டுத் தேயிலை மலைச் சரிவில் மட்டை போட்டுச் சறுக்கக் கிளம்பினால், குறுக்கே வெட்டிய கான்களையும் கவ்வாத்து வெட்டிய கூர் முனைகளையும் முதலில் காட்டிவிடுங்கள்.

பார்க்கிற வழி பற்றி. ஐரோப்பாவில் நடந்தால் நமக்குத் தோதான நேரம். 2026இல் மிலானோ–கோர்தினாவுக்கு இருந்ததுபோல் 2030 பிரெஞ்சு அல்ப்ஸுக்கும் நாம் நாலரை மணித்தியாலம் முன்னால். அங்கே முற்பகல் 11.30க்குத் தொடங்கும் அல்பைன் இங்கே மாலை 4 மணி, கொழுந்து நிறுத்து வீடு திரும்பும் நேரம். அங்கே பிற்பகல் 2.30 பயத்லான் இங்கே இரவு 7. மாலை ஷார்ட் ட்ராக்கும் ஃபிகர் ஸ்கேட்டிங்கும்தான் நள்ளிரவைத் தொடும். காலைப் பிரட்டுக்குப் போகவேண்டியவர்கள் அவற்றை மறுநாள் மறுஒளிபரப்பில் பார்ப்பதே புத்தி. ஃபோனில் விளையாட்டுச் செய்தி அறிவிப்புகளை அணைத்து வைக்காவிட்டால் முடிவு முதலில் வந்து நிற்கும்.

டேட்டாவில் பார்ப்பவர்களுக்கு: 480பியில் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 700 எம்பி, 720பியில் ஒன்றரை ஜிபி, 1080பியில் மூன்று ஜிபி அளவு போகும். கர்லிங்குக்கு 480பி தாராளம், கமரா அதிகம் அசைவதில்லை. ஷார்ட் ட்ராக், அல்பைன், ஐஸ் ஹொக்கி மூன்றுக்கும் 720பிக்குக் கீழே போனால் ஆளும், ஹொக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் தட்டும் கலங்கிவிடும். உங்கள் பொதியில் நள்ளிரவுக்குப் பிறகு தனி டேட்டா இருந்தால், ஐரோப்பிய மாலைப் போட்டிகள் சரியாக அதற்குள் விழும்.

டிஷ் வைத்திருப்பவர்களுக்குப் பலத்த மழையில் சிக்னல் போவது இயல்பு. மிஸ்ட் மூடினால் போவதில்லை. மிஸ்ட்டில் படம் துண்டு துண்டாக உடைகிறதென்றால் டிஷ் அசைந்திருக்கிறது, அல்லது டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தலையில் கேபிள் சேரும் இடத்தில் தண்ணீர் புகுந்திருக்கிறது. லயத்துத் தகரக் கூரையில் பூட்டிய டிஷ் காற்றில் தகரத்தோடு சேர்ந்தே ஆடும். சுவரிலோ நட்ட இரும்புக் குழாயிலோ பூட்டவேண்டும். கேபிளை நேரே வீட்டுக்குள் இறக்காமல் ஒரு வளையம் தொங்கவிட்டால் வழியும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே வராது. மழை தகரத்தில் அடிக்கும்போது வர்ணனை கேட்காது, அதற்கு இயர்ஃபோன்தான் வழி.

2034 குளிர்கால ஒலிம்பிக் அமெரிக்காவின் யூட்டாவில். அங்கே குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் பன்னிரண்டரை மணித்தியாலம் இடைவெளி. அவர்களுடைய மாலை 7 மணி இறுதிப்போட்டி இங்கே மறுநாள் காலை 7.30. வேலைநாளில் அது நடக்காத காரியம், ஞாயிற்றுக்கிழமை விழுகிற போட்டிகளை மட்டும் குறித்துவைக்கலாம். அவர்களுடைய சனிக்கிழமை இரவு நிகழ்ச்சிதான் நமக்கு ஞாயிறு காலை. அட்டவணையைப் பார்த்துத் திகதியைக் குறிக்கும்போது இந்த ஒரு நாளைக் கூட்ட மறப்பவர்கள்தான் அதிகம்.